65 வெற்றிகளும் நான்கு தோல்விகளும்

ஐஸ் ஹாக்கியைப் பற்றி நம் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஹாக்கி என்றால் நமக்குத் தெரிந்தது மைதானத்தில் ஓடி ஆடுவது. தயான் சந்த் பெயரை அறியாதவர் தில்லியில் கிடையாது. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கி வந்த அணிக்குத் தலைவர் நம் வாசுதேவன் பாஸ்கரன் என்பதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்ட தலைமுறை என்னுடையது. பனிக்கட்டியின்மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஹாக்கியோ, லடாக்கில் பணியாற்றிய ராணுவக் குடும்பங்களைத் தவிர நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத ஒன்று.

ஆனால் நம் உறுப்பினர் குடும்பங்களில் பாதிக்காவது ஒரு பிள்ளையோ பெண்ணோ பாஸ்டனிலோ டொரான்டோவிலோ இருக்கிறார்கள். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதம் போய் வருகிறோம். குளிர் காலத்தில் அங்கே மாட்டிக்கொண்டால் வெளியே தலை நீட்ட முடியாது. வீட்டுக்குள் தொலைக்காட்சியில் ஓடுவது இந்த ஆட்டம்தான். நானும் அப்படித்தான் 2022 நவம்பரிலிருந்து 2023 மே மாதத் தொடக்கம்வரை பாஸ்டனில் பெண் வீட்டில் இருந்தேன். அந்த ஊர் அணிக்கு அது வரலாறு காணாத பருவம். 82 ஆட்டங்களில் 65 வெற்றி. நூறாண்டு பழமையான லீக்கில் அதற்கு முன் எந்த அணியும் ஒரே பருவத்தில் அத்தனை ஆட்டங்களை வென்றதில்லை. இருந்தும் அந்தப் பருவத்தைப் பற்றி அங்கே யாரிடமாவது பேச்சுக் கொடுத்தால் முகம் வாடிவிடும். 65 ஆட்டம் ஜெயித்த அணிக்கு அது எப்படி ஏமாற்றப் பருவமாகும்? இதைப் புரிந்துகொள்ள எனக்கே பல நாளாயிற்று. புரிந்தவரை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். சுமார் 200 அடி நீளம், 85 அடி அகலம் உள்ள பனிக்கட்டித் தளம். சுற்றிலும் இடுப்புயரத்துக்கு மேல் தடுப்புப் பலகை. பந்து கிடையாது. மூன்று அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு ஒன்று. அதற்குப் பக் என்று பெயர். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக அதை உறைய வைத்தே எடுத்து வருகிறார்கள். ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். ஆட்டக்காரர்கள் முக்கால் நிமிடம் மூச்சுப் பிடிக்க ஆடிவிட்டு வெளியே வந்து உட்கார, வேறு ஐந்து பேர் உள்ளே குதிக்கிறார்கள். இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். கோல் வாசல் ஆறடி அகலம், நான்கடி உயரம்தான். அதில் முக்கால்வாசியைக் கவசம் அணிந்த கோல்கீப்பரே அடைத்துக்கொண்டு நிற்கிறார். ஒரு பக்கத்தார் முப்பது முறை அடித்தால் மூன்று கோல் விழும். இந்த முப்பது, மூன்று என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லீக். என்.ஹெச்.எல். என்கிற அந்த அமைப்பில் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 32 அணிகள். 2022-23-இல் அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டங்கள் இருந்தன. வெற்றிக்கு இரண்டு புள்ளி. சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போய்த் தோற்றால் ஒரு புள்ளி. அதிகப் புள்ளி எடுத்த அணிக்குப் பிரெசிடென்ட்ஸ் டிராபி என்று ஒரு கேடயம் உண்டு. அதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. உண்மையான பரிசு ஸ்டான்லி கோப்பை. கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு 1892-இல் வழங்கிய கோப்பை அது. லீக் ஆட்டம் முடிந்தபின் 16 அணிகள் தேர்வாகி, இரண்டிரண்டாக மோதும். ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நான்கு வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். இப்படி நான்கு சுற்று. மொத்தம் 16 வெற்றி. ஆறு மாதம் சேர்த்த புள்ளியால் இங்கே கிடைக்கும் ஒரே சலுகை, ஏழாவது ஆட்டம் வரை போனால் அது சொந்த ஊரில் நடக்கும் என்பதுதான். மற்றபடி எல்லோருக்கும் கணக்குப் பூஜ்யத்தில் தொடங்குகிறது.

பள்ளி இறுதித் தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையும் நுழைவுத் தேர்வு அறைக்குள் மற்றப் பிள்ளைகளைப்போல வெறும் பென்சிலோடுதானே போகவேண்டும்? அதைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் கதாநாயகர்கள். பாஸ்டன் புரூயின்ஸ் 1924-இல் தொடங்கியது. லீக்கில் சேர்ந்த முதல் அமெரிக்க அணி. புரூயின் என்றால் கரடி. ஆறு முறை கோப்பை வென்றிருக்கிறார்கள், கடைசியாக 2011-இல். அந்த 2011 அணியின் தூண்களில் மூவர் 2022-லும் மிச்சமிருந்தார்கள்: அணித்தலைவர் பாட்ரீஸ் பெர்ஜெரான், செக் நாட்டுக்காரர் டேவிட் கிரேச்சி, குட்டையான உருவமும் கூர்மையான நாக்கும் கொண்ட பிராட் மார்ஷாண்ட். பெர்ஜெரானுக்கு 37 வயது. 2003-லிருந்து வேறு எந்த அணிக்கும் ஆடாதவர். கோல் போடுவதைவிட எதிராளியைக் கோல் போட விடாமல் தடுப்பதில் வல்லவர். தடுப்பாட்டம் ஆடும் முன்னணி வீரருக்கான செல்கி விருதை ஆறு முறை வாங்கிய ஒரே மனிதர். கிரேச்சிக்கும் ஏறக்குறைய அதே வயது. ஓராண்டு தாய்நாட்டில் ஆடப் போய்விட்டவர், இன்னும் ஒரே ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று திரும்பி வந்தார்.

இந்த இருவரும் எவ்வளவு சம்பளத்துக்கு வந்தார்கள் என்பதைச் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். அந்த லீக்கில் 2005 முதல் சம்பள உச்சவரம்பு உண்டு. பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துப் போடமுடியாது. 2022-23-இல் ஒரு அணியின் மொத்தச் சம்பளம் 8 கோடியே 25 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது. பெர்ஜெரான் 25 லட்சத்துக்கும் கிரேச்சி 10 லட்சத்துக்கும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் தகுதிக்கு அது அடிமாட்டு விலை. மீதியை ஊக்கத்தொகை என்று எழுதி, அந்த 45 லட்சம் டாலரை அடுத்த ஆண்டுக் கணக்கில் தள்ளிவிட வழி வைத்தார்கள். ஆக, அடுத்த ஆண்டுச் சாப்பாட்டில் ஒரு பிடியை இந்த ஆண்டே எடுத்துச் சாப்பிட்டாயிற்று.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்தது. ஆறு ஆண்டு பயிற்சியாளராக இருந்த புரூஸ் காசிடியை நிர்வாகம் நீக்கியது. இத்தனைக்கும் அவர் ஒரு பருவத்தில்கூட அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுபோகத் தவறியதில்லை. அவர் இடத்தில் ஜிம் மான்ட்கமரி வந்தார். காசிடியை லாஸ் வேகாஸ் அணி எடுத்துக்கொண்டது. அவர் பெயரை மறந்துவிடாதீர்கள்.

அக்டோபரில் தொடங்கியதுமே வெற்றிமேல் வெற்றி. சொந்த அரங்கில் முதல் 14 ஆட்டங்களையும் வென்றார்கள். அதுவே ஒரு சாதனை. நான் போய் இறங்கியபோது ஊரே மிதந்துகொண்டிருந்தது. அரங்கம் நார்த் ஸ்டேஷன் ரயில் நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது. ஆட்டம் உள்ள மாலையில் ரயிலேறினால் பெட்டி முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாகச் சட்டைகள். தைப்பூசத்துக்குப் பழனி போகும் வண்டியில் ஏறிவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம் வரும். மாப்பிள்ளை திருச்சிக்காரர். அங்கே இருந்தவரை கிரிக்கெட் தவிர வேறு தெரியாதவர். பத்து வருடத்தில் அவரும் அந்தச் சட்டைக்காரர்களில் ஒருவராகிவிட்டார்.

"மாமா, இந்த வருஷம் விட்டா அப்புறம் இல்ல. கிழவங்க ரெண்டு பேருக்கும் இதான் கடைசி" என்று அவர் டிசம்பரிலேயே சொன்னார். அப்போது அந்தப் பேச்சின் கனம் எனக்குத் தெரியவில்லை.

வெற்றிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்யமாட்டேன். செக் நாட்டு இளைஞர் டேவிட் பாஸ்டர்நாக் 61 கோல் போட்டார். ஸ்வீடனிலிருந்து வந்த கோல்கீப்பர் லீனஸ் உல்மார்க் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு கோல்கூட விடவில்லை. பிப்ரவரியில் எதிரணி கோல்கீப்பர் வெளியேறியிருந்த நேரம் பார்த்துத் தளத்தின் மறுகோடிக்குப் பக்கை அனுப்பி, தானே ஒரு கோல் போட்டும் காட்டினார். புத்தாண்டுக்கு மறுநாள் ஃபென்வே பார்க் என்ற பழம்பெரும் பேஸ்பால் மைதானத்தில் திறந்தவெளியில் பனித்தளம் அமைத்து ஆடினார்கள், அதிலும் வெற்றி. ஏப்ரல் 9-ஆம் தேதி 63-ஆவது வெற்றி வந்தபோது, 1995-96-இல் டெட்ராய்ட்டும் 2018-19-இல் டாம்பா பேயும் வைத்திருந்த 62 என்ற எல்லை உடைந்தது. இரண்டு நாள் கழித்து, 1976-77-இல் மான்ட்ரியால் எடுத்த 132 புள்ளிகளையும் தாண்டினார்கள். கடைசிக் கணக்கு 65 வெற்றி, 135 புள்ளி.

இதற்கிடையே நிர்வாகம் செய்ததைக் கவனிக்கவேண்டும். அந்த லீக்கில் ஆண்டுதோறும் பதினெட்டு வயது இளைஞர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். நாளைய நட்சத்திரங்கள் பெரும்பாலும் முதல் சுற்றில்தான் கிடைப்பார்கள். அந்தத் தேர்வுரிமையை வேறு அணிக்கு விற்கலாம். கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நம்பிய பாஸ்டன், பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் டிமிட்ரி ஓர்லோவ், கார்னெட் ஹாத்தவே, டைலர் பெர்டூசி என்ற மூன்று கைதேர்ந்த ஆட்டக்காரர்களை வாங்கியது. மூவரின் ஒப்பந்தமும் அந்தக் கோடையோடு முடிவதாயிருந்தது. விலையாக 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளும் வேறு சில உரிமைகளும் போயின. நம் ஊரில் இதற்கு விதை நெல்லை எடுத்துச் சமைப்பது என்று பெயர். விருந்து அமர்க்களமாக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

முதல் சுற்றில் எதிரே வந்தது ஃப்ளோரிடா பாந்தர்ஸ். 42 வெற்றி, 92 புள்ளி. பாஸ்டனைவிட 43 புள்ளி குறைவு. அவர்கள் உள்ளே நுழைந்ததே மயிரிழையில். பிட்ஸ்பர்க் அணி 91 புள்ளியோடு வெளியே நின்றது. லீக்கில் அடிமட்டத்தில் கிடந்த சிகாகோவிடம் ஏப்ரல் 11 அன்று சொந்த ஊரிலேயே அது தோற்றிருக்காவிட்டால் கதையே வேறு.

ஆனால் 92 என்ற எண் ஓர் உண்மையை மறைத்தது. ஃப்ளோரிடா அதற்கு முந்தைய பருவத்தில் 122 புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலிடம் பெற்ற அணி. அப்போது அவர்களும் இரண்டாம் சுற்றிலேயே நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்று வெளியேறியிருந்தார்கள். அந்தக் கசப்பில் அணியைப் பிரித்து அடுக்கினார்கள். புள்ளிகளைக் குவித்த தங்கள் சிறந்த வீரரைக் கொடுத்துவிட்டு, மாத்யூ கச்சக் என்ற முரட்டு ஆட்டக்காரரை வாங்கினார்கள். புதுப் பயிற்சியாளர், புது முறை. பழகுவதற்குப் பாதிப் பருவம் ஓடிவிட்டது. பழகிய பிறகு இருந்த ஃப்ளோரிடாவின் பலத்தைப் புள்ளிப் பட்டியல் காட்டவில்லை. அந்தப் பருவத்தில் இவ்விரு அணிகளும் நான்கு முறை மோதின. ஆளுக்கு இரண்டு வெற்றி. மற்றவர்களுக்குச் சிங்கமாக இருந்த பாஸ்டன் இவர்களிடம் சமமாகத்தான் நின்றிருந்தது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று. லீக்கின் கடைசி ஆட்டம் ஏப்ரல் 13, மான்ட்ரியாலில். சாதனையெல்லாம் முடிந்துவிட்டது, அதன் முடிவால் எதுவும் மாறப்போவதில்லை. பெர்ஜெரான் கியூபெக் மாநிலத்தில் பிறந்தவர். கடைசி முறையாக இருக்கலாம் என்று அந்த மண்ணில் ஆட இறங்கினார். முதுகில் அடிபட்டு, முதல் பகுதியிலேயே வெளியேறினார். முதுகெலும்பு வட்டு பிதுங்கிவிட்டது என்று தொடர் முடிந்த பிறகுதான் தெரிந்தது. முதல் நான்கு ஆட்டத்துக்கு அவர் இல்லை. ஆசைப்பட்ட மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தடுத்திருக்க வேண்டியவர் பயிற்சியாளர்.

அப்படியும் நான்கு ஆட்டம் முடிந்தபோது பாஸ்டன் மூன்று, ஃப்ளோரிடா ஒன்று. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும்.

ஐந்தாவது ஆட்டம் ஏப்ரல் 26, பாஸ்டனில். பெர்ஜெரான் திரும்பி வந்தார். மூன்றுக்கு மூன்று; ஆட்டம் முடியச் சில விநாடிகளே பாக்கி. பக் மார்ஷாண்டிடம் வந்தது. அவருக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர ஆளில்லை. நாங்கள் மூவரும் சோபாவைவிட்டு எழுந்துவிட்டோம். ஃப்ளோரிடாவின் செர்கெய் பாப்ராவ்ஸ்கி காலை நீட்டித் தடுத்துவிட்டார். அன்று அவர் தடுத்தவை 44. இத்தனைக்கும் தொடர் தொடங்கும்போது அவர் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்; முதலில் ஆடிய கோல்கீப்பர் தடுமாறியதால் உள்ளே வந்தவர். கூடுதல் நேரத்தில் உல்மார்க் தன் கோலுக்குப் பின்னால் போய்ப் பக்கை எடுக்க முயன்று கோட்டைவிட்டார். எதிராளி பறித்துக் கச்சக்கிடம் கொடுக்க, முடிந்தது ஆட்டம். பருவம் முழுவதும் பாறைபோல நின்ற மனிதர் அவர்.

ஆறாவது ஆட்டம் ஃப்ளோரிடாவில். மூன்றாம் பகுதியில் 5-4 என்று முன்னணியில் இருந்து 7-5 என்று தோற்றார்கள். பருவம் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரியாக இரண்டு கோலுக்குச் சற்றே மேல் மட்டும் விட்ட அணி ஏழு கோல் விட்டது.

ஏழாவது ஆட்டம் ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டனில். பயிற்சியாளர் உல்மார்க்கை உட்காரவைத்து, அந்தத் தொடரில் ஒரு ஆட்டத்தையும் தொடங்கியிராத இளைஞர் ஜெரமி ஸ்வேமனைக் கோலில் நிறுத்தினார். 0-2 என்று பின்தங்கி, தட்டுத் தடுமாறி மூன்றாம் பகுதியில் பாஸ்டன் 3-2 என்று முந்தியது. கடைசி நிமிடங்களில் ஃப்ளோரிடா தன் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கியது. இது அந்த ஆட்டத்தில் வழக்கமான உத்தி. வாசல் காலியாகும், ஆனால் தாக்குவதற்கு ஓராள் கூடுவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் பாக்கியிருக்கையில் பிராண்டன் மான்டூர் அடித்தார், 3-3. கூடுதல் நேரத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் கார்ட்டர் வர்ஹேகி அடித்தது ஸ்வேமனைத் தாண்டிப் போயிற்று.

பதினெட்டாயிரம் பேர் இருந்த அரங்கம் வாயடைத்துப் போனதைத் தொலைக்காட்சியிலேயே உணர முடிந்தது. பெர்ஜெரான் தளத்தைவிட்டுப் போகும்முன் தன் தோழர்களை ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை தொலைக்காட்சியை அணைக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. எட்டு வயதுப் பேரன் மட்டும், "தாத்தா, பெஸ்ட் டீம் எப்படித் தோக்கும்?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. மறுநாள் பத்துத் துண்டுக் காகிதம் எடுத்தேன். ஆறில் பாஸ்டன் என்றும் நான்கில் ஃப்ளோரிடா என்றும் எழுதிச் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டேன். நம் ஊரில் திருவுளச்சீட்டு எடுப்பதைப் போலத்தான். பத்து ஆட்டத்தில் ஆறு ஜெயிக்கும் அணி என்றால் நன்றாகவே உயர்ந்த அணி. ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, யார் முதலில் நான்கு எடுக்கிறார்கள் என்று பார்த்தோம். இருபது தொடர் ஆடினோம். அதில் ஐந்தில் ஃப்ளோரிடா ஜெயித்துவிட்டது. கணக்குப் போட்டாலும் அதே கதைதான். பத்துக்கு ஆறு என்ற பலம் உள்ள அணி ஏழு ஆட்டத் தொடரை நூற்றுக்கு 71 முறை வெல்லும். 29 முறை தோற்கும். கோப்பைக்கு இப்படி நான்கு தொடர்கள் ஜெயிக்கவேண்டும். நான்கையும் பெருக்கிப் பாருங்கள்: நூற்றுக்கு 25. எல்லாரையும்விட உயர்ந்த அணிக்கே நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். நடந்ததும் இதற்கு ஒத்தே இருக்கிறது. பிரெசிடென்ட்ஸ் டிராபி வழங்கத் தொடங்கிய 1985-86 முதல் 2025 வரை 39 முறை அது வழங்கப்பட்டிருக்கிறது. அதை வென்ற அணியே அந்த ஆண்டுக் கோப்பையையும் வென்றது எட்டே முறை. அங்கே இதைச் 'சாபம்' என்று சொல்கிறார்கள். சாபமும் இல்லை, திருஷ்டியும் இல்லை, வெறும் பெருக்கல்.

முன்னே சொன்ன முப்பது, மூன்று என்ற கணக்குக்கு இப்போது வருவோம். கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு நூறு புள்ளிக்கு மேல் விழுகிறது. அதிர்ஷ்டம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் நூறு புள்ளிக்குள் அது கரைந்துவிடும். மூன்று கோல் ஆட்டத்தில் அப்படிக் கரைய இடமில்லை. பக் ஒருவர் காலில் பட்டுத் திரும்பினால் போதும், ஒரு மாலையின் பலன் மாறிவிடும். அதோடு சம்பள உச்சவரம்பு அணிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறைத்துவிடுகிறது. இவற்றுக்கும் மேலாக ஒரு கோல்கீப்பர் பத்து நாள் தெய்வம் வந்தவர்போல ஆடினால், எதிரே யார் நின்றாலும் ஒன்றுதான். 2023 நவம்பரில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்த நம் அணி அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றபோது நாம் எப்படி உட்கார்ந்திருந்தோம்? நம் அணி கடைசிப் படியில் இடறியது; பாஸ்டன் முதல் படியிலேயே விழுந்தது.

எல்லாவற்றையும் அதிர்ஷ்டத்தின் தலையில் கட்டிவிடவும் நான் தயாரில்லை. பருவம் முழுவதும் உல்மார்க்கும் ஸ்வேமனும் மாறி மாறி ஆடினார்கள். இருவருக்கும் ஓய்வு கிடைத்தது. இருவருமே கூர்மை குறையாமல் இருந்தார்கள். குறைந்த கோல் விட்டதற்கான விருதையும் இருவரும் சேர்ந்தே வாங்கினார்கள். பிளேஆஃப் வந்ததும் பயிற்சியாளர் அந்த முறையைக் கைவிட்டு, ஆறு ஆட்டமும் ஒருவரையே நிறுத்தினார். பிறகு வாழ்வா சாவா என்ற ஆட்டத்தில் இரண்டு வாரமாக உட்கார்ந்திருந்தவரைத் தள்ளிவிட்டார். 65 வெற்றி தந்த வழக்கத்தைத் தேவையான நேரத்தில் விட்டது என் கண்ணுக்குப் பெரிய பிழை. மான்ட்கமரிக்கு அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது ஜூனில் கிடைத்தது. அந்த விருதுக்கான வாக்கெடுப்பு பிளேஆஃப் தொடங்கும் முன்பே முடிந்துவிடுவது வழக்கம்.

தோற்ற அணிகள் எல்லாம் ஒரே மாதிரி வருந்துவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 62 வெற்றி பெற்ற டாம்பா பே 2019-இல் முதல் சுற்றில் கொலம்பஸ் அணியிடம் நான்கு ஆட்டமும் தோற்றது. ஒரு வெற்றிகூட இல்லை. பாஸ்டனைவிடக் கேவலமான தோல்வி. ஆனால் அவர்களுடைய முக்கிய வீரர்கள் இருபத்தைந்தை ஒட்டிய வயதினர். அதே ஆட்களோடு 2020, 2021 இரண்டு ஆண்டும் கோப்பையைத் தூக்கினார்கள். டெட்ராய்ட்டும் 1996-இல் தோற்று, 1997, 1998 இரண்டிலும் வென்றது. அவர்களுக்கு மறு ஆண்டு என்று ஒன்று இருந்தது. பாஸ்டனுக்கு அது இல்லை.

பெர்ஜெரான் ஜூலையில் ஓய்வு பெற்றார், கிரேச்சி ஆகஸ்டில். விதை நெல் கொடுத்து வாங்கிய ஓர்லோவ், ஹாத்தவே, பெர்டூசி மூவரும் ஆளுக்கொரு அணிக்குப் போய்விட்டார்கள். தள்ளிவைத்த 45 லட்சம் டாலர் உச்சவரம்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. இடம் பண்ணுவதற்காகச் சம்பளம் கூடிய டெய்லர் ஹாலைச் சிகாகோவுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. 2023-24-இல் இருந்ததை வைத்து 109 புள்ளி எடுத்து, இரண்டாம் சுற்றில் மீண்டும் ஃப்ளோரிடாவிடமே தோற்றார்கள். 2024 நவம்பரில் மான்ட்கமரி நீக்கப்பட்டார். 2024-25-இல் 33 வெற்றி, 76 புள்ளி. 2016-க்குப் பிறகு முதல் முறையாகப் பிளேஆஃபுக்கே போகவில்லை. எண்களைப் பார்த்தால் இதுதான் மோசமான பருவம். ஆனால் மாப்பிள்ளை அதைப் பற்றிப் பேசும்போது தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார். 2023 என்றால்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

மற்றவர்கள் கதையையும் முடித்துவிடுகிறேன். பாஸ்டனை வீழ்த்திய ஃப்ளோரிடா அந்த ஆண்டே இறுதிச் சுற்றுவரை போயிற்று. அங்கே அவர்களை வென்று கோப்பையைத் தூக்கியது லாஸ் வேகாஸ். அதன் பயிற்சியாளர், பாஸ்டன் வேண்டாம் என்று அனுப்பிய புரூஸ் காசிடி. ஃப்ளோரிடா 2024-லும் 2025-லும் கோப்பை வென்றது. 2025-இல் வென்ற அணியில் பாப்ராவ்ஸ்கியோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கியவர்களில் ஒருவர் பிராட் மார்ஷாண்ட். பெர்ஜெரானுக்குப் பின் பாஸ்டனின் அணித்தலைவராக இருந்த அவரை, அந்த ஆண்டு மார்ச்சில் பாஸ்டன் ஃப்ளோரிடாவுக்குக் கொடுத்துவிட்டது. அன்று கடைசி விநாடிகளில் தன்னைத் தடுத்த கோல்கீப்பருக்காக 37 வயதில் ஓடி ஓடி ஆடினார் அவர். பேரன் இன்னும் மார்ஷாண்ட் பெயர் போட்ட பழைய கறுப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறான். கை இரண்டும் முழங்கைக்கு ஏறிவிட்டது என்று பெண் போனில் சொன்னாள்.